உச்சிக்கல்லை உருவலாமா?

"இதனால என்னப்பா பிரயோஜனம்?"

எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். குளக்கரையில் நிற்கிற புதர், சேற்றில் ஊர்கிற புழு, கடலில் நீந்துகிற ஏதோ ஒரு பிராணி... எதுவாக இருந்தாலும் சரி. கேள்வி கேட்பதில் தப்பில்லை. தொழிற்கல்வி படிக்கிற நமக்கு நாளைக்குச் சோறு போடப்போகிற கேள்வியே இதுதானே! பிறகு தப்பு எங்கே வருகிறது? "எனக்குத் தெரியவில்லை" என்பதையும் "பிரயோஜனம் இல்லை" என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இடத்தில்தான் வருகிறது.

ஒரு பொருளின் விலை சந்தையில் தெரிந்துவிடும். அது தாங்கிக்கொண்டிருக்கிற பாரம், பெரும்பாலும் அதை எடுத்த பிறகுதான் தெரியும். ஆகவே விலையை மட்டும் பார்த்து எதையும் பிடுங்கவும் கூடாது, விலை இல்லையே என்று எதையும் ஒழிக்கவும் கூடாது. இதுதான் என் கட்சி. இதற்கு நான் கூப்பிடுகிற சாட்சி கொஞ்சம் தூரத்தில், பசிபிக் பெருங்கடலின் குளிர்ந்த தண்ணீருக்குள் இருக்கிறது. கெல்ப் காடு என்று பெயர்.

தண்ணீருக்குள் காடா?

ஆமாம், காடேதான்! கெல்ப் என்பது பழுப்பு நிறக் கடற்பாசி வகை. பார்ப்பதற்கு மரம் போல இருந்தாலும் மரமும் அல்ல, செடியும் அல்ல. வேர் கிடையாது. பாறையை விரல் விரித்துப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடி மட்டும் உண்டு. அது சத்து உறிஞ்சுவதற்கு அல்ல, நங்கூரத்துக்கு. அந்தப் பிடியிலிருந்து தண்டு மேலே கிளம்பும். ராட்சதக் கெல்ப் என்ற இனத்தில் ஒவ்வொரு இலையின் அடியிலும் காற்றடைத்த சின்னப் பை ஒன்று இருக்கும். கீழே நங்கூரம், மேலே மிதவை, நடுவில் இழுவிசையில் விறைத்து நிற்கிற தண்டு. சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை, ஆனாலும் 30 மீட்டர், 45 மீட்டர் என்று நிமிர்ந்து நிற்கிறது. கிட்டத்தட்டப் பத்து மாடிக் கட்டிடத்தின் உயரம் அது! தோதான நிலையில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மேல் வளரும்.

இது வளர நான்கு சங்கதிகள் வேண்டும். குளிர்ந்த தண்ணீர், அடியிலிருந்து மேலேறி வரும் சத்து, பற்றிக்கொள்ளப் பாறை, தரை வரைக்கும் எட்டுகிற சூரிய வெளிச்சம். நம் வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் சூடான தண்ணீர், அதனால் இங்கே கெல்ப் கிடையாது. கலிஃபோர்னியா, அலாஸ்கா, சிலி, தென் ஆப்பிரிக்கா, டாஸ்மேனியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய இடங்களின் கரையோரங்களில் உண்டு.

"சரி, பிரயோஜனம்?" என்கிறீர்களா? கெல்ப்பிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசை எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்பதற்கு, துணியில் சாயம் பரவாமல் அச்சடிப்பதற்கு, பல் டாக்டர் நம் வாயில் அச்சு எடுப்பதற்கு என்று அது பல வேலை செய்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெல்டிங் ராடு பிடிக்கிற நண்பர்கள் கவனிக்க: அந்த ராடின் மேல்பூச்சிலும் ஆல்ஜினேட் சேர்ப்பது உண்டு. முதல் உலகப் போர் நடந்தபோது கலிஃபோர்னியாவில் கெல்ப்பை அறுவடை செய்து பொட்டாஷும், வெடிமருந்துத் தயாரிப்புக்கான அசிட்டோனும் எடுத்தார்கள்.

ஆனால் இதெல்லாம் காட்டை வெட்டி விற்கிற கணக்கு. நான் சொல்லவந்தது காடு நிற்கிறபோது நடக்கிற கணக்கு.

குடியிருப்போர் பட்டியல்

கெல்ப்பின் பிடி இருக்கிறதே, அந்த முடிச்சுக்குள்ளேயே ஒரு குட்டி ஊர் இருக்கும். புழுக்கள், சின்ன நண்டுகள், மெல்லிய கைகளுள்ள நொறுங்கு நட்சத்திரங்கள்... நடுத்தண்டில் நத்தைகள். இலைகளுக்கு நடுவே பாறைமீன் குஞ்சுகள், பெரிய மீனின் கண்ணில் படாமல் வளர்கின்றன. அபலோன் என்ற கடல்நத்தை அடியில் உட்கார்ந்து, உதிர்ந்து விழுகிற இலைகளைத் தின்கிறது. சீல்கள் மீன் தேடி வருகின்றன. அலையில் அறுந்து கரை ஒதுங்குகிற கெல்ப்பும் வீணாவதில்லை. அதில் மணல்பூச்சிகள் மொய்க்கும், பூச்சியைக் கொத்தப் பறவைகள் வரும்.

இதையெல்லாம் முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான், சார்லஸ் டார்வின். 1834-இல் 'பீகிள்' கப்பலில் தென் அமெரிக்காவின் தெற்குக் கோடிக்குப் போனபோது கெல்ப்பைப் பார்த்து அசந்துபோனார். வெப்பநாட்டு நிலக்காடுகளோடு அதை ஒப்பிட்டார். ஒரு நாட்டில் நிலக்காட்டை அழித்தால் அழியும் உயிரினங்களைவிட, இந்தக் கடல்காடு அழிந்தால் அழியும் உயிரினங்கள் அதிகம் என்பது அவர் எண்ணம். மீன் போனால் மீன் தின்னும் பறவை போகும், நீர்நாய் போகும், சீல் போகும், கடைசியில் அவற்றை நம்பி வாழும் மனிதர்களும் போவார்கள் என்று சங்கிலியை மனிதன் வரைக்கும் நீட்டினார்.

இந்தச் சங்கிலியில் இரண்டு பேரை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அவர்களுடையதுதான்.

முதல் ஆள் கடல் அர்ச்சின். உடம்பெல்லாம் முள் குத்தி வைத்த பந்து மாதிரி இருக்கும். அடிப்பக்கத்தில் ஐந்து பல் கொண்ட வாய். இதற்குப் பிடித்த சாப்பாடு கெல்ப். காடு செழிப்பாக இருக்கிறபோது பாறை இடுக்கில் பதுங்கிக்கொண்டு, மிதந்து வருகிற இலையைப் பிடித்துத் தின்னும். பயம் விட்டுப்போனால் வெளியே வந்து பிடியையே கடிக்கும். இலையை மேய்ந்தால் மறுபடி துளிர்க்கும். பிடி போனால்? முழுத் தண்டும் அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது ஆள் கடல் நீர்நாய். மற்றக் கடல் பாலூட்டிகள் போல இதற்குத் தோலடிக் கொழுப்புப் போர்வை இல்லை. குளிரைத் தாங்குவதற்கு ரோமம்தான். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல்! உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தினமும் தன் எடையில் கால்வாசி தின்றாக வேண்டும். அதில் அர்ச்சினுக்கு முக்கிய இடம். தூங்கும்போது அலை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, கெல்ப் இலையை உடம்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து கிடக்கும்.

தோலுக்கு வந்த விலை

1741-இல் விட்டஸ் பெரிங் தலைமையில் போன ரஷ்யக் கப்பல் அலாஸ்காவுக்கு வழி கண்டது. திரும்பும் வழியில் கப்பல் உடைந்து பெரிங் இறந்தார். உயிர் தப்பி ஊர் திரும்பியவர்கள் நீர்நாய்த் தோல்களையும் கொண்டுபோனார்கள். அந்த மென்மையான ரோமத்தைப் பார்த்ததும் வியாபாரிகளுக்கு வெறி பிடித்தது. ஜப்பான் முதல் மெக்சிகோ வரை வேட்டை. ஒரு காலத்தில் லட்சத்துக்கும் மேல் இருந்ததாகக் கணிக்கப்படுகிற நீர்நாய்கள், 1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நான்கும் சேர்ந்து தடை ஒப்பந்தம் போட்டபோது சுமார் இரண்டாயிரமோ அதற்கும் குறைவோதான் மிஞ்சியிருந்தன.

அதே 1741 பயணத்தில் ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர், கெல்ப் மேய்கிற ஒரு பிரம்மாண்டமான கடல் பசுவைக் கண்டு விவரமாக எழுதி வைத்தார். 1768-க்குள் அதைத் தின்றே தீர்த்துவிட்டார்கள். அறிவியல் உலகம் அதை அறிந்து 27 வருஷத்தில் ஓர் இனமே காலி!

நீர்நாயின் கணக்கில் அன்றைக்கு ஒரே வரவுதான் எழுதப்பட்டது. தோலுக்கு இவ்வளவு ரூபிள். அது தினமும் தின்ற அர்ச்சின்களின் கணக்கை எழுத ஒரு பேரேடும் இல்லை.

இரண்டு தீவுகள் சொன்ன சாட்சி

அந்தப் பேரேடு திறந்தது 1970-களில்தான். அலாஸ்காவின் அல்யூஷியன் தீவுக்கூட்டத்தில் அம்சிட்கா என்று ஒரு தீவு. அமெரிக்கா அங்கே பூமிக்கடியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதையொட்டி வன உயிர்களை ஆராயப் போனவர்களில் ஒருவர் ஜேம்ஸ் எஸ்டெஸ் என்ற இளைஞர். தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அம்சிட்காவில் நீர்நாய்கள் மறுபடி பெருகியிருந்தன. அதே கூட்டத்தில் ஷெம்யா தீவுப்பக்கம் இன்னும் திரும்பவில்லை. எஸ்டெஸ் இரண்டு இடத்திலும் கடலுக்குள் இறங்கிப் பார்த்தார்.

அம்சிட்காவில் அடர்ந்த கெல்ப் காடு, அர்ச்சின்கள் சிறுத்துக் குறைவாக. ஷெம்யாவில் பாறை தெரியாமல் தரைவிரிப்புப் போட்டாற்போலக் கொழுத்த அர்ச்சின்கள், கெல்ப்போ பேருக்குக்கூட இல்லை. அதே கடல், அதே குளிர், அதே பாறை. பெரிய வித்தியாசம், நீர்நாய் இருக்கிறதா இல்லையா என்பதுதான்! ஜான் பால்மிசானோவுடன் சேர்ந்து 1974-இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னே ராபர்ட் பெய்ன் என்ற பேராசிரியர் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் வேறொரு சோதனை செய்திருந்தார். ஒரு பாறைப்பகுதியில் ஒரு வகை நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்தார். பக்கத்துப் பாறையை அப்படியே விட்டார். 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில், நட்சத்திர மீன் இல்லாமல் போனதும் 8 தான் மிஞ்சின. அது தின்று குறைத்துவந்த சிப்பிகள் பாறையை ஆக்கிரமித்து மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டன.

பெய்ன் 1969-இல் இப்படிப்பட்ட உயிருக்கு ஒரு பெயர் வைத்தார். சிவில் நண்பர்களுக்கு அது உடனே புரியும். கல்லால் ஆர்ச் கட்டும்போது உச்சியில் ஆப்பு மாதிரி ஒரு கல்லைச் செருகுவோம் அல்லவா? அந்த உச்சிக்கல்லின் பெயரைத்தான் வைத்தார். எண்ணிக்கையில் அது ஒரு கல்தான். பக்கத்துக் கல்லை விடப் பெரிதாகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை உருவிப் பாருங்கள், அப்போது தெரியும்!

ஒற்றைத் தூணில் நின்ற காடு

இத்தோடு முடிந்தால் இது வெறும் "நீர்நாயைக் காப்பாற்றுங்கள்" கட்டுரையாகிவிடும். ஆனால் உண்மை அதைவிடச் சிக்கலானது, நமக்கு அதைவிட உபயோகமானது.

கலிஃபோர்னியாவின் தெற்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் நீர்நாய்கள் ஒழிந்துபோய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1938-இல் நடுக்கரையில் பிக் சர் என்ற இடத்தில் சுமார் 50 நீர்நாய்கள் மட்டும் தென்பட்டன. இன்று சுமார் 3,000 இருந்தாலும் அவை இருப்பது பெரும்பாலும் நடுக்கரையில்தான். அப்படியென்றால் வடக்கிலும் தெற்கிலும் நூறு வருஷம் கெல்ப் எப்படி நின்றது?

மாற்று ஆட்கள் இருந்தார்கள்! தெற்கே ஷீப்ஹெட் என்ற மீனும் முள்ளிறாலும் அர்ச்சினைத் தின்றன. வடக்கே அந்த வேலையைப் பார்த்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபது கை வரைக்கும், அதற்கு மேலும் இருக்கும். விரித்தால் ஒரு மீட்டர் அகலம். அர்ச்சினை முழுசாக விழுங்கும். பாவம், இதன் தோலுக்கும் விலை இல்லை, சதைக்கும் விலை இல்லை. "பிரயோஜனம் இல்லாத" பிராணிகளின் பட்டியலில் முதலிடம் கொடுக்கலாம்.

2013-இல் ஒரு நோய் வந்தது. நட்சத்திர மீன்களின் உடம்பில் புண் கண்டு, கைகள் கழன்று, சில நாளில் கூழாகிவிடும். மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை பரவியது. சூரியகாந்தி நட்சத்திர மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்தன. 2020-இல் அது மிக அபாய நிலையிலுள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் விப்ரியோ இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்து வெளியிடவே 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது. விப்ரியோ வேறு யாரும் அல்ல, காலராக் கிருமியின் பங்காளிதான்.

நோயோடு 2014 முதல் 2016 வரை கடலில் வெப்ப அலையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் சூடாகி, சத்துக் குறைந்து, கெல்ப் நலிந்தது. நலிந்த காட்டின் மேல், காவல்காரன் செத்துப்போன சமயத்தில், ஊதா நிற அர்ச்சின்கள் படையெடுத்தன. முன்பு இருந்ததைப்போல் சுமார் 60 மடங்கு! வட கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கரையில் கெல்ப் காடு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தது.

அபலோன்கள் பட்டினியால் சுருங்கிப் பாறையைவிட்டு விழுந்தன. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கி அபலோன் எடுத்தவர்களுக்கு 2018-இல் தடை வந்தது. அவர்களை நம்பியிருந்த விடுதி, கடை, முங்கு சாதன வியாபாரம் எல்லாம் அடி வாங்கின. சரி, அர்ச்சின்தான் கோடிக்கணக்கில் கிடக்கிறதே, அதைப் பிடித்து விற்கலாமே என்றால், அதுவும் முடியாது! ஜப்பானியர்கள் விரும்பித் தின்பது அர்ச்சினுக்குள் இருக்கும் மஞ்சள் சினையை. பட்டினி கிடக்கும் அர்ச்சினுக்குள் சினை இல்லை, வெறும் ஓடு. ஆனால் சாகவும் சாகாது. தின்ன ஒன்றும் இல்லாமலே பல வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டு, முளைக்கிற கெல்ப் ஒவ்வொன்றையும் கிள்ளிப்போட்டபடி உட்கார்ந்திருக்கும்.

தெற்கிலும் அடி விழாமல் இல்லை. ஆனால் வடக்கு மாதிரி இவ்வளவு நீளத்துக்கு ஒரேயடியாகச் சரியவில்லை. ஏன்? அங்கே ஒரு தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூண் இருந்தது. வடக்கே நீர்நாயை முன்னமே எடுத்துவிட்டோம், நட்சத்திர மீன் ஒற்றைத் தூணாக நின்றது. ஒரு நோய் வந்து அதையும் சாய்த்ததும் கூரை விழுந்தது.

நம் பாடத்தில் இதற்குப் பெயர் உண்டே! ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. கம்பி நூறு கிலோ தாங்கினால் போதும் என்றாலும் முன்னூறு கிலோ தாங்குகிற கம்பியைத்தான் போடுகிறோம். "மீதி இருநூறு கிலோவால என்ன பிரயோஜனம்?" என்று லிஃப்டில் ஏறியவன் கேட்பதில்லை. ஆனால் இயற்கை வைத்திருக்கிற மீதியைப் பார்த்தால் மட்டும் நமக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது. 1800-களில் நீர்நாயை எடுத்தபோது வட கலிஃபோர்னியாவில் கூரை உடனே விழவில்லை. "பார்த்தாயா, ஒண்ணும் ஆகலையே!" என்று சொல்லியிருப்பார்கள். ஆகத்தான் செய்தது. பில் வருவதற்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

எதிர்வாதத்தையும் கேட்போம்

"சரி, நீர்நாயைக் கொண்டுவந்து விட்டால் தீர்ந்ததே?" இல்லை. மான்டரே பகுதியில் 2014-க்குப் பிறகு ஆராய்ந்தவர்கள் ஒன்று கண்டார்கள். அங்கே நீர்நாய்கள் கெல்ப் மிஞ்சிய இடத்தில் உள்ள கொழுத்த அர்ச்சின்களைத் தேடித் தின்கின்றன. பாழாய்ப்போன இடத்திலுள்ள வெற்று ஓடுகளைத் தொடுவதில்லை. சத்து இல்லாததை அது ஏன் தின்னவேண்டும்? ஆகவே அவை மிஞ்சிய காட்டைக் காக்கின்றன, போன காட்டை அப்படியே மீட்டுத் தருவதில்லை. உடைப்பதற்கு ஒரு கணக்கு, ஒட்டுவதற்கு வேறு கணக்கு. தெற்கே பாலோஸ் வெர்டஸ் கடலில் 2013 முதல் முங்கு வீரர்கள் சுத்தியலோடு இறங்கி அர்ச்சின்களை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் கெல்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நட்சத்திர மீன் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு இன்று மனிதன் கூலி கொடுக்கிறான்!

இதற்காக அர்ச்சினை வில்லனாக்கவும் எனக்குச் சம்மதமில்லை. அதுவும் அந்தக் காட்டின் குடிமகன்தான். தன்னைக் கட்டுப்படுத்துகிறவன் போனால் யார்தான் அளவோடு இருப்பார்கள்?

இதைவிடக் கனமான எதிர்வாதம் மீனவர்களுடையது. தென்கிழக்கு அலாஸ்காவில் 1960-களின் பிற்பாதியில் சுமார் 400 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பின்னாளில் 20 ஆயிரத்தைத் தாண்டின. நண்டும் கடல் அட்டையும் பிடித்துப் பிழைத்தவர்கள், "எங்க சோத்துல கை வைக்குதே!" என்று குமுறினார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் கணக்குப் போட்டு 2020-இல் வெளியிட்டார்கள். நீர்நாய் திரும்பியதால் நண்டு, சிப்பி வகை மீன்பிடிப்பில் ஆண்டுக்குச் சுமார் 73 லட்சம் கனடா டாலர் நஷ்டம். சுற்றுலா, மீன்வளம், கெல்ப் பிடித்து வைக்கும் கார்பன் எல்லாம் சேர்த்தால் சுமார் 5 கோடியே 30 லட்சம் வரை லாபம்.

ஏழு மடங்கு லாபம் என்று கைதட்டிவிடலாம். ஆனால் நஷ்டப்படுகிறவன் நண்டுக்காரன், லாபம் பார்ப்பவன் சுற்றுலாக் கம்பெனிக்காரன். இரண்டு பேரும் ஒரே ஆள் இல்லையே! காட்டைக் காப்பாற்றுகிற செலவைக் கரையோரத்து ஏழையின் தலையில் கட்டிவிட்டு, பட்டணத்திலிருந்து "இயற்கையை நேசிப்போம்" என்று போஸ்டர் ஒட்டுவது நியாயமல்ல. லாபத்திலிருந்து நஷ்டத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். இதைச் சொல்லாத சுற்றுச்சூழல் பேச்சு எனக்குப் பாதிப் பேச்சாகத்தான் படுகிறது.

நம் வரைபடத்தில் விட்டுப்போனது

"இதுக்கும் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் நண்பர்களுக்குக் கடைசியாக ஒரு சம்பவம்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் சான் ஒனோஃப்ரே என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. 1980-களில் அதன் இரண்டு புதிய யூனிட்டுகள் ஓடத் தொடங்கின. கண்டென்சரைக் குளிர்விக்கத் தினமும் கோடிக்கணக்கான லிட்டர் கடல்நீரை இழுத்து, சூடான தண்ணீரை நீளக் குழாய்களில் பல துளைகள் வழியாகக் கடலில் விட்டார்கள். சூடு சீக்கிரம் கலந்து தணியவேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். பம்பு சரி, குழாய் சரி, வெப்பக் கணக்கும் சரி.

ஆனால் அந்தத் தண்ணீர் பீய்ச்சும் வேகத்தில் கரையோரக் கலங்கல் நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கெல்ப் காட்டின் மேல் போர்த்தியது. அடித்தரைக்கு வெளிச்சம் குறைந்தது. கெல்ப்பின் வாழ்க்கை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முளையாகப் பாறையில்தான் தொடங்குகிறது. அந்த முளைக்கு வெளிச்சம் இல்லை. மேலே நின்ற பெரிய தண்டுகள் காலப்போக்கில் போக, கீழேயிருந்து இடம் நிரப்ப ஆள் வரவில்லை.

1991-இல் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஆணையம், ஈடாகச் செயற்கைப் பாறைத்திட்டு கட்டிக் கெல்ப் வளர்க்கவேண்டும் என்று நிலைய உரிமையாளர்களுக்கு நிபந்தனை போட்டது. 1999-இல் சோதனைத் திட்டு. 2008-இல் அது சுமார் 174 ஏக்கராக விரிந்தது. அப்போதும் மீன்களின் அளவு போதவில்லை என்று 2020-இல் இன்னும் பெரிதாக்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 2013-இலேயே அந்த மின் நிலையத்தை நிரந்தரமாக மூடிவிட்டார்கள்! மின்சாரம் நின்ற பிறகும் பாறை கொட்டுகிற வேலை நிற்கவில்லை.

நாளைக்கு நம்மில் ஒருவர் துறைமுகத்தில் சூபர்வைசராக இருப்பார். ஒருவர் அனல்மின் நிலையத்தில், ஒருவர் சாயப்பட்டறைக் கழிவுக் குழாய் போடுகிற கான்ட்ராக்டரிடம், ஒருவர் நெடுஞ்சாலையில். நம் கைக்கு வரைபடம் வரும். அதில் பம்பு இருக்கும், வால்வு இருக்கும், கம்பியின் விட்டம் இருக்கும். நுண்ணிய முளைக்கு வேண்டிய வெளிச்சம் இருக்காது. நட்சத்திர மீனும் இருக்காது. "நமக்கு என்ன தெரியும், மேலே உள்ளவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் களத்தில் முதலில் நிற்கப்போவது டிப்ளமோக்காரன்தான். தண்ணீர் கலங்குவதை முதலில் பார்க்கப்போவதும் அவன்தான். பார்த்ததை எழுதிக் கொடுக்கவாவது அவனுக்குத் தெரியவேண்டாமா?

வேலையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் வேண்டும், சாலை வேண்டும், வேலையும் வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை மாற்றிக் கேட்போம் என்றுதான் சொல்கிறேன். "இதனால என்ன பிரயோஜனம்?" என்பதற்குப் பதிலாக, "இது எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்போம். பதில் தெரியாவிட்டால், தெரிகிறவரை கை வைக்காமல் இருப்போம்.

ஓடுகிற மிஷினில் பெயர் தெரியாத ஒரு போல்ட்டைக் கழற்ற நம் ஒர்க்‌ஷாப்பில் யாரையும் விடமாட்டார்கள். கடலுக்கும் அதே சட்டம்தான் நண்பர்களே!

சிந்திப்போம்! செயல்படுவோம்!